கல்லுக்குக் காய்ச்சிய பால்

முன்னொரு காலத்தில், மாடு அதிகமும் யோசனை கம்மியுமாக இருந்த கன்றாபுரி நாட்டை வச்சிரமுடி மகாராஜா ஆண்டு வந்தார். அவருக்கு ஒரே ஒரு குறைதான். உட்கார முடியவில்லை. சிம்மாசனம் முழுக்கக் கருங்கல். அதன் மேல் துணி விரித்தால் வம்சத்துக்கு ஆகாது என்று எந்தப் பாட்டனோ சொல்லிவிட்டுப் போய்விட்டான். மகாராஜா இடப்பக்கம் சாய்ந்து ஒரு தீர்ப்பு சொல்வார். வலி தாங்காமல் வலப்பக்கம் சாய்ந்தால் தீர்ப்பு மாறிவிடும்.

ஒருநாள் இட்லி சாப்பிடும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. "கருங்கல்லைப் பாலில் வேகவைத்தால் இந்த மாதிரி மெத்தென்று ஆகாதா? ஆக்கிக் காட்டுகிறவருக்கு ஒரு கிராமம் தருகிறேன்!"

உடனே பன்னிரண்டு அறையோடு ஆராய்ச்சி மண்டபம் கட்டினார்கள். அறைக்கு ஒரு அறிஞர், அறிஞருக்குத் தினம் பத்துப் பானை பால். மண்டபத்துக்குத் தலைவர் கும்பகாளத்திப் பண்டிதர். காய்ச்சிய பாலின் ஆடையெல்லாம் அவருக்குத்தான். அவர் ஒரு சட்டம் போட்டார். "கல் வெந்தால் மட்டும் சபைக்கு வாருங்கள். வேகவில்லை என்று சொல்ல வருகிறவனைக் கழுதை மேல் ஏற்றுவேன்."

அவ்வளவுதான். பன்னிரண்டு கதவும் உள்ளே தாழ்ப்பாள். ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாது.

தெரிந்தவள் ஒருத்திதான். உலகாயி. அங்கே பானை தேய்க்கிறவள். இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை. யாராவது நிமிர்ந்து பார்த்தாலே முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். தினம் நூற்றிருபது பானை அவளிடம் வரும். எல்லாம் ஒரே மாதிரி அடிப்பிடித்திருக்கும். ஒவ்வொரு அறையின் கடைசிப் பானைக்குள்ளும் அந்த அறையின் கல் கிடக்கும். அவள் கல்லைத் தட்டிப் பார்ப்பாள். டொக் என்று கேட்கும். 'இவருக்கும் வேகலை' என்று நினைத்துக்கொண்டு அடுத்த பானையை எடுப்பாள்.

அவளுக்குத் தாய்ப்பால் வற்றி இரண்டு மாதம். ஊரில் மிஞ்சும் ஒரு உழக்குப் பசும்பாலில்தான் குழந்தை உயிரோடிருந்தது.

மூன்று மாதம் போனது. ஒருநாள் மகாராஜாவின் இலைக்கே மோர் வரவில்லை. "எங்கேய்யா மோர்?" என்று கத்தினார்.

பண்டிதர் குனிந்து, "பால் போதவில்லை மகாராஜா. கல் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. இன்னும் பன்னிரண்டு அறை கட்டுவோம். ஊர்க் குழந்தைகளுக்குப் போகிற பாலையும் நாளையிலிருந்து இங்கே திருப்பிவிடுவோம். குழந்தைகள் கஞ்சி குடித்துக்கொள்ளும். கல் குடிக்குமா?" என்றார்.

தேய்க்கப் பானை வாங்க வந்த உலகாயி தூணுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டாள். முந்தானை வாயிலிருந்து தானாக நழுவியது. "வேகாது ராசா!" என்றாள். சொன்ன பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

"பானை தேய்க்கிற கைக்கு ஆராய்ச்சி கேட்கிறதோ?" என்று பண்டிதர் சிரித்தார். "அப்படியானால் மகாராஜா உட்கார வழி சொல்லேன் பார்ப்போம்!"

"சொல்றேன் சாமி. இல்லாட்டி என்னையே கழுதை மேல ஏத்துங்க. ராசா மட்டும் ஒரு தண்டோரா போடணும். ரொம்ப நாள் வெந்தும் ரொம்பக் கெட்டியா இருக்கிற கல்லு யாருதோ, அவருக்குத்தான் கிராமம்னு."

மகாராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். தண்டோரா போட்டார்.

பன்னிரண்டு தாழ்ப்பாளும் ஒரே நேரத்தில் திறந்தன. அறிஞர்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு சபைக்கு ஓடிவந்தார்கள்.

"என் கல்லைப் பாருங்கள்! தொண்ணூறு நாள் வெந்தது. துளிகூட இளகவில்லை!"

"போமய்யா! என்னுடையதைக் கடித்து எனக்குப் பல்லே போச்சு!"

"நான் மஞ்சள் போட்டேன்!"

"நானும்தான் போட்டேன்!"

"முதல் நாளே வேகாது என்று தெரிந்தவன் நான்தான்!"

"நானும்தான்!" என்றன பதினோரு குரல்கள்.

மகாராஜா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பன்னிரண்டு பேரும் ஒன்றையேவா செய்தீர்கள்? தெரிந்த பிறகுமா செய்தீர்கள்?"

"கழுதை, மகாராஜா..." என்று எல்லோரும் பண்டிதரைப் பார்த்தார்கள்.

"முதல் பானை ஆராய்ச்சி ராசா," என்றாள் உலகாயி. "மீதி பத்தாயிரம் பானையும் சமையல். அதுலயும் ஒருத்தரும் சாப்பிடலை."

பண்டிதர் விடவில்லை. "பேச்சு நன்றாக இருக்கிறது. மகாராஜா இன்னும் நின்றுகொண்டுதானே இருக்கிறார்?"

உலகாயி ஒன்பதாம் அறை அறிஞரிடம் திரும்பினாள். "ஐயா, உங்க கல்லு மட்டும் மேல்பக்கம் வழவழன்னு தேஞ்சிருக்குதே, ஏன்?"

அவர் நெளிந்தார். "தினமும் வெந்த கல்லை வெளியே எடுத்து, சூடு கொஞ்சம் ஆறினதும் அதன் மேல் உட்கார்ந்து அழுவேன். கல் இளகவில்லை. ஆனால் அந்தச் சூட்டில் என் இடுப்புவலி இளகிவிட்டது. வேகாத கதையோடு சேர்ந்தது என்பதால் வெளியே சொல்லவில்லை."

"சிம்மாசனத்துக்கு அடியில ரெண்டு பானை வெந்நீர் வைங்க," என்றாள் உலகாயி. "பால் வேண்டாம்."

வைத்தார்கள். மகாராஜா பயந்து பயந்து உட்கார்ந்தார். கண் சொக்கியது. பட்டத்துக்கு வந்த பிறகு முதல் தடவையாக நேராக உட்கார்ந்து ஒரே தீர்ப்பாகச் சொன்னார். "கிராமம் உலகாயிக்கு. பால் குழந்தைகளுக்கு. இனிமேல் பலிக்காமல் போனதையெல்லாம் அந்தந்தப் பானையின் அடியில் சுண்ணாம்பால் எழுதி மதில் மேல் கவிழ்க்க வேண்டும். அதைப் படிக்காமல் ஒருவரும் ஒரு சொட்டுப் பால் கேட்கக் கூடாது. மிச்சமிருக்கிற அடிப்பிடித்த பானைகளைப் பண்டிதர் தேய்ப்பார்."

மறுநாள் காலையில் உலகாயி குழந்தைக்குப் பாலாடைச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். தொழுவத்துப் பக்கம் பண்டிதர் பானை மலைக்கு நடுவில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா," என்று தாழ்ந்த குரலில் கேட்டார், "மணல் போட்டுத் தேய்த்தால் இந்தக் கறுப்பு போகுமா?"

உலகாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மதில் மேல் கவிழ்த்திருந்த பானைகளைக் காட்டினாள். "மூணாவது பானையைப் படிங்க சாமி. அது நான் சொல்லி எழுத வச்சது."