வராதவர்களின் இலை

துக்கம் தாங்காதவர்கள் மலையடிச் சுனைக்கு வருவார்கள். அங்கே மடம் வைத்திருந்த நிறைமதி அம்மையின் பக்கத்தில் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். பௌர்ணமிதோறும் அவர்களுக்கு மடத்தில் விருந்து உண்டு.

அந்த விருந்தில் ஒரு வழக்கம். ஒரே ஒரு தடவை வந்து போனவருக்கும் பந்தியில் இலை விழும். ஆள் வராவிட்டாலும் விழும். சீடர் ஆவுடையப்பருக்கு இது அடியோடு பிடிக்காது. அம்மையைவிட மூத்தவர், ஒரு காலத்தில் அரிசி மண்டி வைத்து ஆண்டவர். சாப்பிட ஆளில்லாத இலை அவர் கண்ணை உறுத்தியது.

அன்று பந்தி முடிந்ததும் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அம்மையின் முன் வந்து நின்றார். அவருக்கு ஒரே மகள், வடிவு. குழந்தையைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். அவள் கிணற்றடியில் நின்ற நிலையை ஒருநாள் பார்த்ததிலிருந்து, அவளுடைய சித்தி அவளை விட்டு நகர்வதில்லை.

“அம்மா, வந்தவங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். மனசு தேறிட்டுன்னுதான் சொல்றாங்க. ஒருத்தர்கூட இல்லைன்னு சொல்லல. வடிவும் இங்க வந்து உக்காந்தவதானே? அவ சித்தி சாயங்கால வண்டிக்கு ஊருக்குப் போறேங்கா. இனி வடிவுக்குக் காவல் வேண்டாம்னு அவளை அனுப்பிரலாமா?”

பந்தியில் சாம்பார் வாளியும் கையுமாக நின்று கேட்பவரிடம் யார்தான் குறை சொல்வார்கள்? அது அவருக்குத் தோன்றவில்லை. மகள் பிழைத்துக்கொண்டாள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தார், பாவம்.

அம்மை வெற்று இலைகளைக் காட்டினாள்.

“இவங்ககிட்ட?”

“வராதவங்ககிட்ட எப்படிம்மா கேக்க?”

“நடந்து போய்த்தான். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு.”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

முதல் வீட்டுக்காரி நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். மடமா, அங்கே போனதே மறந்துவிட்டது, பேரன் பிறந்த பிறகுதான் தனக்குச் சோறு இறங்கியது என்றாள். ஆவுடையப்பருக்கு இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று விளங்கவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு தறிக்காரர். சுனையோரம் சும்மா உட்கார உட்காரத்தான் துக்கம் கூடியது, தறிச் சத்தம் இருந்தால் தேவலை என்று ஒளிக்காமல் சொன்னார்.

மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்தது ஒரு தாய். உள்சுவரில் வாலிபன் ஒருவனின் படம், அதற்கு மாலை. மடத்திலிருந்து வருகிறேன் என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்க மடத்துக்கு ரெண்டு தடவ வந்தான். அப்புறம் வரல. ஏன் வரலன்னு கேக்க அப்ப ஒருத்தரும் வரலியே.”

ஆவுடையப்பர் அதற்குப் பிறகு வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

மடத்துக்குத் திரும்பியபோது மழை இருட்டிக்கொண்டிருந்தது. இலைகள் அப்படியே கிடந்தன. கேட்டதையெல்லாம் சொன்னார்.

“எந்தப் பிள்ளைன்னு எனக்குத் தெரியும்” என்றாள் அம்மை. “அந்த வாசல்ல நானும் போய் நின்னேன். பிந்தித்தான் போனேன்.”

“அப்ப இந்த இடம் மனசைத் தேத்துமா, தேத்தாதாம்மா?”

“தெரியல. அதான் இலையை எடுக்க விடுறதில்ல.”

அவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசி இலையில் பார்வை நின்றது.

“இது யாருக்குப் போட்டது?”

“ஐப்பசியில ஒருநாள் வந்தா. சுனைப் பக்கம் திரும்பாமலே உக்காந்திருந்தா. அப்புறம் வரல.”

அது வடிவுதான் என்று ஆவுடையப்பருக்கு விளங்கியது. இந்த வரிசையை மாதாமாதம் பார்க்கிறவர்தான். அந்த வெற்று இலைகளில் ஒன்று தன் மகளுடையது என்று அவர் நினைத்ததே இல்லை.

“வடிவு இப்ப அழுறதே இல்லம்மா. சத்தமே இல்லாம இருக்கா.”

“கேட்டீங்களா?”

பந்தி முழுக்கக் கேட்டவர், வீடு வீடாய்ப் போய்க் கேட்டுவிட்டு வந்தவர், மகளிடம் மட்டும் கேட்டதில்லை.

அம்மை எழுந்து, மூலையில் இருந்த குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு.”