மைனா எழுதிய மூன்றாவது கடிதம்

ஒரு காட்டில் இங்கிலீசு தெரிந்த மைனா ஒன்று இருந்தது. அதன் பெயர் சொல்லழகி. அந்தப் பெயரை அதற்கு வேறு யாரும் வைக்கவில்லை, அதுவே வைத்துக்கொண்டது.

காட்டை ஒட்டி ஒரு தேயிலைத் தோட்டம் உண்டு. அந்தத் தோட்டத்து பங்களா வராந்தாவில் சொல்லழகி மூன்று வருடம் கூண்டில் இருந்தது. பங்களாப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் பிடிபட்டது. வால், காது, கோடு என்று பொருள்களின் பெயரும், இடது வலதும், எண்களும் கொஞ்சம் தெரிந்தன. ஆனால் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்ல அதற்குத் தெரிந்தவை நாலே சொற்கள்தான். பங்களா அம்மாள் விருந்தாளிகளிடம் அவற்றைத்தான் சொல்வார். பூவைப் பார்த்தால் ‘வெரி பியூட்டிஃபுல்’. கேக்கைப் பார்த்தால் ‘வெரி நைஸ்’. மற்றதெல்லாம் ‘வெரி பிக்’ அல்லது ‘வெரி ஸ்மால்’.

ஒரு நாள் கூண்டுக் கதவைச் சாத்த மறந்தார்கள். மைனா பறந்து காட்டுக்கு வந்துவிட்டது. காட்டில் மற்றவர்களுக்கு அந்த நாலு சொல்லும் தெரியாது. பிறகென்ன, சொல்லழகிதான் பண்டிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமழை பெய்தது. காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருந்த அகழியில் வெள்ளம் புரண்டது. கோரை என்ற காட்டுப்பன்றியின் குட்டி சுள்ளி அதில் அடித்துக்கொண்டு போய்த் தோட்டத்துப் பக்கம் கரை ஒதுங்கியது.

தோட்டத்துக்குக் காவல் ஒரு நாய். அதன் பெயர் டைகர். அந்தப் பெயரைக் கேள்விப்பட்ட நாளில் காட்டில் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கக்கூட வெளியே வரவில்லை. அப்புறம் எட்டிப் பார்த்தால் நாய். கடிக்காத நாய்தான், ஆனால் சட்டம் பேசும் நாய். வழி தவறி வந்த குட்டிகளைப் பட்டியில் அடைத்து வைக்கும். இங்கிலீசில் எழுதிக் கேட்டால் மட்டுமே திருப்பிக் கொடுக்கும். யாரும் கேட்காத குட்டிகளை வெள்ளிக்கிழமை லாரி வந்து நகரத்து மிருகக்காட்சி சாலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும்.

கோரை நேரில் போக முடியாது. பன்றியின் தலை தெரிந்தாலே தோட்டத்தில் வெடி போடுவார்கள். அது ஓடி வந்து மைனாவின் இலவ மரத்தடியில் நின்றது.

“சொல்லழகி, நீ படிச்சவ. நீ ஒரு வரி எழுதினா என் பிள்ளை வந்துருவான்.”

“ஒரு வரியா? நாலு வரியே எழுதுறேன் கோரையக்கா. கவலைய விடுங்க” என்றது மைனா.

ஒரு தேக்கு இலையைப் பறித்து, அலகால் கொத்திக் கொத்தி எழுதியது: ‘வெரி நைஸ் பேபி. வெரி பியூட்டிஃபுல். வெரி ஸ்மால். ப்ளீஸ் கிவ்.’

எழுதியதைத் தானே இரண்டு முறை படித்துப் பார்த்தது. அதற்கே புல்லரித்தது.

திங்கட்கிழமை காலை இலையை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் பறந்தது. டைகர் வாங்கிப் படித்தது. பிறகு பட்டியைக் காட்டியது.

உள்ளே ஐந்து பன்றிக்குட்டிகள் இருந்தன! ஐந்தும் ஒரே உயரம். ஐந்தின் முதுகிலும் கோடுகள். காட்டுப்பன்றிக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் இருக்கும். ஐந்தும் வெள்ளத்தில் வந்தவை, ஐந்துக்கும் ஐந்து தாய்கள்.

“அஞ்சும் வெரி ஸ்மால்தான். பியூட்டிஃபுல்லா இல்லையான்னு நான் எப்படிச் சொல்றது? நான் நாய். பன்றியோட அழகைப் பத்தி எனக்கு அபிப்பிராயம் கிடையாது” என்றது டைகர்.

“சுள்ளி யாருன்னு கேட்டுப் பாருங்களேன்!”

டைகர் பெருமூச்சு விட்டது. “சுள்ளி யாரு?”

“நான்தான்! நான்தான்! நான்தான்!” என்று ஐந்தும் மூக்கைத் தூக்கிக்கொண்டு கத்தின. பாவம், வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் எந்தக் குட்டிதான் பேரைப் பார்க்கும்?

“பார்த்தியா? அதனாலதான் எழுத்துல கேக்குறேன். ஒரு குட்டிக்கு மூணு கடிதம். ஒண்ணு போச்சு. மிச்சம் ரெண்டு” என்றது டைகர்.

மைனா திரும்பி வந்தது. கோரை வழிமேல் விழி வைத்து நின்றது. உண்மையைச் சொல்ல மைனாவுக்கு வாய் வரவில்லை.

“கடிதம் பரிசீலனையில இருக்கு” என்று சொல்லிவிட்டு மேல் கிளைக்குப் போய்விட்டது.

‘நாலு சொல் போதாது. பெரிய சொல்லாக வேண்டும்’ என்று அது நினைத்தது. பங்களாவின் குப்பைக் குழியில் அகராதியிலிருந்து கிழிந்த தாள் ஒன்று கிடந்தது. மைனா அந்தத் தாளை விடிய விடிய உருப்போட்டது. செவ்வாய்க்கிழமை இரண்டாவது இலை தயாரானது: ‘மேஜிக்கல் பேபி. மேக்னிஃபிசென்ட் பேபி. மெஜஸ்டிக், மேமத் பேபி.’ கிடைத்தது ஒரே தாள் என்பதால் எல்லாச் சொல்லும் ஒரே எழுத்தில் ஆரம்பித்தன. பொருள் என்ன என்று மைனா பார்க்கவில்லை. சொன்னால் வாய் நிறைகிறது அல்லவா, அது போதும் என்று விட்டுவிட்டது.

டைகர் கடிதத்தைப் படித்தது. பட்டியைப் பார்த்தது. மறுபடியும் படித்தது.

“கம்பீரமான, பிரமாண்டமான குட்டின்னு எழுதியிருக்கே. நீ கேக்குறது யானைன்னு நினைக்கிறேன். யானை எதுவும் என் காவல்ல இல்லை.”

டைகர் இலையைத் திருப்பிக் கொடுத்தது.

“மிச்சம் ஒண்ணு. அதுவும் பொருந்தலேன்னா வெள்ளிக்கிழமை லாரிதான். எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா சட்டம்னா சட்டம்” என்றது டைகர்.

புதன்கிழமை காலையில் மைனா இலவ மரத்திலிருந்து கீழே பார்த்தது. கோரை அங்கேயே நின்றது. மூன்று நாளாக ஒரு கிழங்குகூடத் தோண்டவில்லை. மீதிப் பத்துக் குட்டிகளும் சத்தம் போடாமல் அதன் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருந்தன. மைனாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கிளையிலிருந்து இறங்கித் தரையில், பன்றியின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

“கோரையக்கா, எனக்கு இங்கிலீசு தெரியாது.”

கோரை தலையைத் தூக்கிப் பார்த்தது.

“நாலு சொல்தான் தெரியும். அதை வச்சு ஊரை ஏமாத்திட்டேன். ரெண்டு கடிதத்த வீணாக்கிட்டேன். இன்னும் ஒண்ணுதான் இருக்கு.”

கோரை நினைத்திருந்தால் ஒரு முட்டு முட்டியிருக்கலாம். அது முட்டவில்லை. “அப்போ அந்த ஒண்ண ஒழுங்கா எழுதுவோம். நான் என்ன சொல்லணும்?” என்று மட்டும் கேட்டது.

“சுள்ளி எப்படி இருப்பான்?”

“தங்கமா இருப்பான். என் ராசா அவன்.”

மைனா தலையை ஆட்டியது. “அங்க அஞ்சும் தங்கம்தான் அக்கா. உங்க பதினோரு குட்டியில அவன் மட்டும் யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“அதென்ன கேள்வி? வாலப் பார்த்தாலே தெரியுமே, கொடி மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்கும். இடது பக்கத்து மூணாவது கோடு நடுவுல அறுந்திருக்கும். கத்தினா கரகரன்னு தொண்டையில கல்லு உருள்ற மாதிரி கேக்கும். தீயில கருகின மரப்பொந்துலதான் தூங்குவேன்னு அடம் பிடிப்பான், அதனால மேலெல்லாம் புகை வாடை. எத்தனை மழையில நனைஞ்சாலும் போகாது.” அத்தனையும் சொல்லி முடித்ததும் கோரையின் கண் கலங்கியது.

மைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கடிதத்திலும் தெரியாத சுள்ளி இப்போது எதிரே வந்து நிற்பதுபோல் இருந்தது. ஆனால் முறுக்கிய வாலுக்கு இங்கிலீசில் என்ன? அறுந்த கோட்டுக்கு என்ன? வெரி பிக் வால், வெரி ஸ்மால் கோடு என்றா எழுதுவது?

“சாயங்காலத்துக்குள்ள நாலு சொல்லோட வர்றேன். சாப்பிடுங்க அக்கா” என்று சொல்லிவிட்டு மைனா பறந்தது.

பங்களா சன்னலில் போய் உட்கார்ந்தது. அங்கே எப்போதும் போல ‘வெரி நைஸ்’ தான். அகராதித் தாளோ மழையில் கூழாகியிருந்தது. கடைசியில் தேயிலைத் தொழிற்சாலையின் சன்னல் ஒன்று திறந்திருப்பதைப் பார்த்தது.

உள்ளே நீள மேசை. அதன்மேல் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொரு கோப்பைக்கு முன்னாலும் கொஞ்சம் தேயிலைத் தூள். ருசி பார்க்கிற ஒருவர் தூளைக் கையில் அள்ளிப் பார்ப்பார், மூக்கருகே கொண்டு போவார். பிறகு ஒரு கரண்டித் தேநீரைச் ‘சர்ர்’ என்று உறிஞ்சுவார், துப்புவார். ஒரே ஒரு சொல் சொல்வார். கூட நின்ற அம்மாள் அதைப் பலகையில் எழுதுவார்.

‘குடிக்காமல் துப்புகிறாரே, பைத்தியமோ?’ என்று மைனா முதலில் நினைத்தது.

அவர் ஒரு பிடி தேயிலையை அள்ளினார். இலைகள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. “ட்விஸ்டெட்” என்றார். மைனா நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்த தூள் துண்டு துண்டாக உடைந்திருந்தது. “ப்ரோக்கன்.”

இன்னொரு தேநீரை உறிஞ்சியதும் முகத்தைச் சுளித்துத் தொண்டையைக் கனைத்தார். “ஹார்ஷ்.”

மற்றொன்றை மூக்கருகே கொண்டு போனார். சன்னல் வரைக்கும் வந்தது அந்த வாடை, அடுப்புப் புகை ஏறிய தேயிலை. “ஸ்மோக்கி.”

ஒரு கோப்பைக்குக்கூட அவர் ‘வெரி நைஸ்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எந்தத் தேநீர் எது என்று யாருக்கு விளங்கும்? மைனா நாற்பது சொல் கேட்டது. பலகையைப் பார்த்து எழுத்தையும் பிடித்துக்கொண்டது. ஆனால் தனக்கு வேண்டிய நாலை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியது.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது. கொடியைக் கண்டால் “ட்விஸ்டெட்.” ஒடிந்த கிளையைக் கண்டால் “ப்ரோக்கன்.” காகம் கரைந்தது. “ஹார்ஷ்” என்றது மைனா. காகத்துக்குப் பொருள் புரியவில்லை, ஆனாலும் கோபம் வந்தது.

வியாழக்கிழமை காலை மூன்றாவது இலை டைகரின் முன்னால் விழுந்தது. ‘டெயில் ட்விஸ்டெட். லெஃப்ட் சைடு, தேர்டு லைன் ப்ரோக்கன். வாய்ஸ் ஹார்ஷ். ஸ்மெல் ஸ்மோக்கி. மதர் வெயிட்டிங்.’

டைகர் படித்தது. இந்த முறை பெருமூச்சு விடவில்லை. எழுந்து பட்டிக்குள் போனது.

“நான்தான்! நான்தான்!” என்று ஐந்தும் கத்தின. அதில் இரண்டு குரல்தான் கரகரத்தது. மற்ற மூன்றையும் டைகர் ஒதுக்கியது. மிச்சம் இரண்டு. இரண்டுக்கும் வால் முறுக்கித்தான் இருந்தது! டைகர் இடது பக்கத்துக் கோடுகளை எண்ணியது. இரண்டும் புரண்டு புரண்டு சேறு அப்பிக் கிடந்ததால் கோடே தெரியவில்லை.

டைகர் மூக்கைத் தாழ்த்தியது. முதல் குட்டியை மோந்தது. இரண்டாவது குட்டியை மோந்தது. நாயின் மூக்குக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. நாக்கால் சேற்றை ஒரு நக்கு நக்கியது. மூன்றாவது கோடு நடுவில் அறுந்திருந்தது.

“சுள்ளி, வெளிய வா. உன் அம்மா காத்திருக்காங்க” என்றது டைகர்.

வெள்ளம் வடிந்த அகழியைச் சுள்ளி தாண்டியதும் அந்தப் பக்கம் அன்று எழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. கோரை தன் பிள்ளையை மூக்கால் உருட்டி உருட்டிப் பார்த்தது, புகை வாடையை நெஞ்சு நிறைய இழுத்தது. பத்துக் குட்டிகளும் மேலே விழுந்து புரண்டன. மைனாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறையை இறக்கி வைத்தது போல இருந்தது. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

ஆனால் பட்டியில் இன்னும் நாலு குட்டிகள் இருந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை.

மைனா உட்காரவில்லை. நேராகத் தவிட்டுக்குருவிகளிடம் போய்ச் செய்தியைச் சொன்னது. அவற்றிடம் ஒன்றைச் சொன்னால் காடு முழுக்கச் சொன்ன மாதிரி. மத்தியானத்துக்குள் நாலு தாய்ப் பன்றிகள் இலவ மரத்தடியில் வந்து நின்றன.

“என் பிள்ளை ரொம்ப அழகு...” என்று ஆரம்பித்தது முதல் தாய்.

“அழகுதான், இல்லேங்கல. அடையாளத்தச் சொல்லுங்கக்கா” என்றது மைனா. நேற்று கேட்ட நாற்பது சொல்லில் மீதியை ஒவ்வொன்றாக எடுத்தது. பொருந்தாததை ஒதுக்கியது, பொருந்தியதை எழுதியது. பொழுது சாய்வதற்குள் நாலு தேக்கு இலைகள் பட்டிக்குப் போயின.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. பட்டியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே வைக்கோலைத் தவிர ஒன்றும் இல்லை. லாரி வெறும் லாரியாகத் திரும்பிப் போனது.

வேலிமேல் மைனா உட்கார்ந்திருந்தது. கீழே டைகர் படுத்திருந்தது. லாரி வளைவில் மறையும் வரைக்கும் இரண்டும் பார்த்துக்கொண்டிருந்தன.

“வெரி நைஸ்” என்றது டைகர்.

நீதி: பகட்டான சொல் நூறு இருந்தும் பயனில்லை, உள்ளதை உள்ளபடி காட்டும் சொல்லே காரியத்தை முடிக்கும்.