கரிமூட்டமும் மேகமூட்டமும்

மலை உச்சியில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவி நல்லம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த செங்கோடருக்கு அறுபது தாண்டிவிட்டது.

மடத்துக்கு வருகிறவர்களுக்குச் சோறு போடுவது செங்கோடரின் பொறுப்பு. அதற்காகச் சரிவில் விறகை அடுக்கி, மண்ணால் மூடி, கரிமூட்டம் போட்டார். கரியை விற்று அரிசி வாங்கினார். அவர் வந்த பிறகு யாரும் பசியோடு திரும்பியதில்லை.

அந்த மலையில் ஆறு கிடையாது. காலையில் மேகம் வந்து மரங்களில் தங்கும். இலைகளிலிருந்து சொட்டும் நீர் சுனையில் சேரும். மடமும் அடிவாரத்து ஊரும் அதைத்தான் குடித்தன.

அந்த ஆண்டு சுனை சேறாகிவிட்டது. ஏறி வந்த பெண்கள் வெறுங்குடத்தோடு இறங்கினார்கள்.

செங்கோடர் கேட்டார்: “அம்மா, மேகம் தினமும் வருகிறது. வெயில் ஏறியதும் கலைந்துவிடுகிறது. முன்பெல்லாம் மதியம்வரை நிற்குமே?”

நல்லம்மை இரண்டு வெள்ளைத் துண்டுகளை ஒரே பானையில் நனைத்துப் பிழிந்தார். ஒன்றில் மட்டும் கரித்தூளைத் தேய்த்தார். இரண்டையும் பாறைமேல் வெயிலில் விரித்தார்.

“கொஞ்சம் பொறுங்கள்.”

சற்று நேரம் கழித்துச் செங்கோடர் தொட்டுப் பார்த்தார். கரி பூசிய துண்டு மொடமொடவென்று காய்ந்திருந்தது. மற்றதில் இன்னும் ஈரம்.

அவர் சரிவைப் பார்த்தார். மூட்டத்தின் புகை எழுந்து நேரே மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

“மேகம் எவ்வளவு பெரியது அம்மா. என் புகை நூல் அளவுதானே.”

“புகையிலுள்ள கரி போய்த் தொடுவது துளியை. துளி சின்னது.”

“அப்படியென்றால் வானத்தில் தூசியே கூடாதா?”

“தூசி இல்லாவிட்டால் துளி எதைப் பிடித்துக்கொண்டு உருவாகும்?”

“பிறகு என் தூசி மட்டும் என்ன செய்தது?”

“அது வெயிலையும் உள்ளே கூட்டிக்கொண்டு போகிறது.”

செங்கோடர் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“பசித்தவர்களுக்காகத்தானே மூட்டினேன். அணைத்துவிட்டால் நாளைக்கு உலை எப்படிக் கொதிக்கும்?”

“உலையில் முதலில் எதை ஊற்றுவீர்கள், செங்கோடரே?”

செங்கோடர் மூட்டத்தின் புகைத்துளைகளை அடைத்து நெருப்பை அணைக்க மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார்.