மூக்கம்பாறைப் பட்டிமன்றக் குழு ஹெட்செட் வாங்கிய கதை

மூக்கம்பாறையில் நான்கு பேச்சாளர்கள் இருந்தார்கள். நால்வரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள் என்பதால் ஊர்க்காரர்கள் அதைப் பட்டிமன்றம் என்றார்கள்.

நடுவர் குஞ்சிதபாதம், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். ஓர் அணிக்கு உரக்கடை அம்மையப்பன். எதிரணிக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட் சவரிமுத்து. எந்த அணி தோற்கிறதோ அந்த அணிக்குத் தமயந்தி டீச்சர்.

அந்தப் புரட்டாசியில் டென்மார்க்கில் இருக்கும் ஒரு தமிழ்ச் சங்கத்திலிருந்து இவர்களுக்குக் கடிதம் வந்தது. பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றக் குழு தேவை. ஞாயிறு மூன்று மணிக்கு இன்டர்நெட் காலில் அரைமணி நேரம் பேசிக் காட்டினால், பிடித்திருந்தால் விமான டிக்கெட் வரும். நல்ல ஹெட்செட்டும் மைக்கும் கட்டாயம் வேண்டும் என்று எழுதி, செயலாளர் சிவநேசன் கையெழுத்துப் போட்டிருந்தார். குஞ்சிதபாதம் அன்றைக்கே ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி, பழக்கத்துக்காக அந்த வெயிலில் போட்டுக்கொண்டு நடந்தார்.

முதலில் ஒரு காது ஹெட்செட்டா, இரண்டு காது ஹெட்செட்டா என்று இரண்டரை மணி நேரம் விவாதித்தார்கள். "இரண்டு காதும் முக்கியம்தான், ஆனாலும் ஒரு காதின் பெருமையை மறுக்க முடியாது" என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எதை வாங்குவது என்பது மட்டும் தெரியாமல், சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கும் ஹபீபின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள்.

ஹபீப் ஒரு ஹெட்செட்டை எடுத்துச் சவரிமுத்துவிடம் நீட்டினார். "போட்டுப் பாருங்க சார்."

சவரிமுத்து அதைத் தரையில் போட்டார். நால்வரும் குனிந்து பார்த்தார்கள்.

"போட்டாச்சு தம்பி. இப்ப என்ன பாக்கணும்?"

"தலையில போடுங்க சார்" என்றார் ஹபீப்.

அம்மையப்பன் அதை எடுத்து, ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி, சவரிமுத்துவின் தலையில் போட்டார். பதினோரு வருடமாக எதிரணியில் இருப்பவர் அல்லவா, கொஞ்சம் ஆசையாகவே போட்டார். சவரிமுத்து உச்சந்தலையைத் தடவிக்கொண்டு, "கனமா இருக்கு. உழைக்கும்" என்றார்.

ஹபீப் அதைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். "இதுல மைக்கும் சேர்ந்தே இருக்கு. தேவையில்லாத சத்தத்தையெல்லாம் இதுவே வெட்டிடும். நீங்க பேசறது மட்டும் போகும்."

நால்வரும் மைக்கை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

"எது தேவையில்லாததுன்னு யாரு முடிவு பண்றது?" என்று கேட்டார் அம்மையப்பன்.

"மைக்கே பண்ணிக்கும் சார்."

"அப்ப நடுவர் எதுக்கு?"

நடுவருக்கு முகம் சிவந்தது. "சோதிச்சுப் பாத்துடலாம்" என்றார். ஹபீப் அவருக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டு, பதிவைத் தொடங்கி, "வயர்ல இருக்கிற இந்தப் பட்டன் அமுங்கினா மைக் மூடிக்கும். அதுல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார்.

குஞ்சிதபாதம் கை வைக்கவில்லை. எதையாவது இறுக்கிப் பிடிக்காமல் அவருக்குப் பேச்சு வராது என்பதால், பட்டன் மேல் கைக்குட்டையை வைத்து அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில், தமது புகழ்பெற்ற தொடக்க உரையை நாற்பது நிமிடம் ஆற்றினார்.

ஹபீப் பதிவை ஓடவிட்டார். ஒரு சத்தமும் இல்லை. நால்வரும் நாற்பது நிமிடமும் நின்று கேட்டார்கள். கடைசிவரை ஒன்றும் வரவில்லை.

"முழுசும் வெட்டிடுச்சா?" என்றார் சவரிமுத்து மெதுவாக.

"ஒரு வணக்கம்கூடவா தேவைப்படல?" என்றார் தமயந்தி டீச்சர்.

குஞ்சிதபாதம் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷம் டீச்சர். அதுல ஏதாவது ஒரு வரி தேவைன்னு இருந்திருந்தா, இந்த மைக் விட்டிருக்கும்."

"சார், பட்டன் அமுங்கியிருக்கு" என்றார் ஹபீப்.

நடுவர் கையை உயர்த்தினார். "ஆறுதல் சொல்லாதீங்க தம்பி. மெஷினுக்கு வஞ்சகம் தெரியாது."

அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். எதிரணி, சொந்த அணி என்று பார்க்காமல் எல்லோரும் அவர் முதுகைத் தடவினார்கள். அம்மையப்பன் குரலைத் தாழ்த்தி, "எதையுமே வெட்டாத மைக் இருக்கா?" என்று கேட்டார்.

ஹபீப் பரணிலிருந்து தூசி படிந்த ஒரு ஹெட்செட் பெட்டியை இறக்கினார். "இது இருக்கு. ஆனா எல்லாத்தையும் எடுக்கும் சார். ரோட்டுல போற பஸ்ஸைக்கூட விடாது."

"பாகுபாடு பாக்காத மைக்" என்றார் நடுவர். கண் கலங்கியிருந்தது. வாங்கிக்கொண்டார்கள். பணம் கொடுக்கும்போது ஹபீப், "வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல ரெண்டு விரல் இருக்கணும்" என்று ஞாபகப்படுத்தினார்.

ஞாயிறு மதியம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் தங்கள் மன்ற அறையில் லேப்டாப்பின் முன் கூடினார்கள். யாருடைய விரல் என்ற கேள்வி வந்தது.

"எதிரணி விரலை என் வாய்க்கு முன்னால வைக்க விடமாட்டேன்" என்றார் அம்மையப்பன்.

"சொந்த விரலை வெச்சா அது ஒருதலைப்பட்சம்" என்றார் சவரிமுத்து.

நடுவர் விரலே நடுநிலை விரல் என்று முடிவானது. மணி மூன்றாயிற்று. சிவநேசனின் குரல் வந்தது. அம்மையப்பன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இல்லறம் இனிப்பது கணவனால்தான் என்று நடுவரின் இரண்டு விரல்களுக்கு எடுத்துச் சொன்னார். மனைவியால்தான் என்று சவரிமுத்து அதே விரல்களுக்கு மறுத்துச் சொன்னார். டீச்சர் இரண்டையும் சொன்னார். கால்மணி நேரத்தில் நடுவரின் விரல்கள் நன்றாக நனைந்துவிட்டன.

கடைசியாக ஹெட்செட் நடுவரின் தலைக்கு வந்தது. அவர் வாய்க்கு டீச்சர் விரல் கொடுத்தார்.

"ஐயா, நீங்கள் கதைக்கிறது விட்டு விட்டுத்தான் வருது" என்றார் சிவநேசன். அவருக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். "ஆனா முசிறி, துறையூர், பெரம்பலூர் எண்டு ஒராள் அடுக்கிக்கொண்டு போறார், அது நல்ல தெளிவாக் கேக்குது. அவர் எந்த அணி?"

"அவர் பஸ் கண்டக்டர்ங்க."

"நல்ல குரல் வளம். சரி, கமிட்டியோட ஒருக்காக் கதைச்சிட்டு வாறன். லைன்ல நில்லுங்கோ."

நடுவர் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். "லைன்ல நிக்கச் சொல்றார்."

நால்வரும் எழுந்து வரிசையில் நின்றார்கள்.

"நடுவர் நடுவுலதானே நிக்கணும்?" என்றார் டீச்சர். குஞ்சிதபாதம் இரண்டாவதாக நின்று பார்த்தார், மூன்றாவதாக நின்று பார்த்தார். நான்கு பேரில் நடு கிடைக்கவில்லை. வாசலில் போன ஒரு வேர்க்கடலைக்காரரைக் கூப்பிட்டுக் கடைசியில் நிறுத்தினார்கள். அறை சின்னது, வேர்க்கடலைக்காரர் தெருவில் நின்றார்.

பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அதைப் பார்த்தார்கள். தெருவில் வரிசை நின்றால் உள்ளே ஏதோ கொடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வேர்க்கடலைக்காரருக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். அதைப் பார்த்துச் சந்தை முழுவதும் வந்து நின்றது. நாலரை மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்து, பெண்களுக்குத் தனி வரிசை போட்டு, தமயந்தி டீச்சரை அதற்கு மாற்றினார். ஐந்து மணிக்கு எங்கிருந்தோ ஒரு மேஜையும் நாற்காலியும் வந்தன. கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்து, ரேஷன் கார்டு நகலை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கத் தொடங்கினார்.

இதற்கிடையில் சிவநேசன் திரும்பி வந்து, கமிட்டிக்குப் பரம திருப்தி, அந்தக் கண்டக்டரை மட்டும் அனுப்பி வையுங்கோ என்று ஹெட்செட்டில் இரண்டு தரம் சொன்னார். வரிசையை விட்டு வந்தால் இடம் போய்விடும் என்பதால் அதை மேஜை மட்டும் கேட்டுக்கொண்டது.

வரிசையின் கடைசியில் அப்போதுதான் வந்து சேர்ந்த ஒருவர், முன்னால் நின்றவரிடம் விசாரித்தார்.

"என்ன குடுக்கறாங்க?"

"தெரியலங்க. டென்மார்க்ல இருந்து வருதாம்."

"எப்ப வருமாம்?"

"அதுவும் தெரியல. ஆனா டோக்கன் இல்லாதவங்களுக்குக் கிடையாதாம்."

"போன தடவ குடுத்ததே எங்க தெருவுக்கு வந்து சேரல" என்று அலுத்துக்கொண்டே, அவர் ரேஷன் கார்டை நகல் எடுத்துவரப் போனார்.