மழையில் அணையும் கணினிகள்

மாசிலாமணி மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கப்புறம்தான் அவர் மாணவரானார். அவருடைய ஆசிரியை செண்பகவல்லி, வயதில் அவரைவிட ரொம்ப இளையவர். முன்பு பாலிடெக்னிக்கில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீதிபதியும் அப்படியே கூப்பிட்டார்.

கோயம்புத்தூரில் டீச்சர் நடத்திவந்த அறக்கட்டளை ஒரு பிளாக்செயினை, அதாவது பல கணினிகள் சேர்ந்து எழுதிக் காக்கும் பொதுக் கணக்கேட்டை, தொடங்கிவைத்திருந்தது. அதற்கு முதலாளி கிடையாது. பல ஊர்களில் பலர் வைத்திருக்கும் கணினிகள் ஒன்றுசேர்ந்து அதை ஓட்டின. விதி எதையாவது மாற்ற வேண்டுமென்றால் கணினி வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட வேண்டும். அறக்கட்டளைக்கும் ஓட்டு உண்டு. மற்ற எவருடையதையும்விடப் பெரிய ஓட்டு.

அந்த ஆண்டு ஒரு தீர்மானம் வந்தது. மழைக்காலத்தில் மலையூர்களில் கரண்ட் போனபோது பல கணினிகள் ஒரே சமயத்தில் அணைந்து, பிளாக்செயினே அரைநாள் முடங்கியிருந்தது. அதன் வழியாகப் பணம் வாங்கிக் கடை நடத்தியவர்கள் வியாபாரமில்லாமல் நின்றார்கள். அடிக்கடி அணையும் கணினிகளை நீக்கிவிடலாம் என்றது தீர்மானம்.

மற்றவர்கள் பாதிக்குப் பாதியாகப் பிரிந்தார்கள். அறக்கட்டளையின் ஓட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் முடிவு.

எந்தப் பக்கம் போடுவது என்று முடிவுசெய்யும் பொறுப்பை, அறக்கட்டளையில் தன்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த மாசிலாமணியிடம் டீச்சர் கொடுத்தார். அவர் காரணங்களை எழுதிக்கொண்டு வந்தார். தீர்ப்பு எழுதிப் பழகிய கை.

"ஆதரிக்கலாம்னு எழுதியிருக்கேன், டீச்சர்."

டீச்சர் முழுவதையும் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க, ஐயா. எனக்கும் இதுதான் சரின்னு படுது."

"அப்போ ஓட்டைப் போட்டுடலாமா?"

"இதனால வெளிய போறவங்க யாரு?"

"கூடலூர்ப் பக்கம் சிலர். பேர் தெரியாது."

"அவங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது போய் இதைப் படிச்சுக் காட்டிட்டு வாங்க. அப்புறம் போடலாம்."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. எத்தனையோ தீர்ப்புச் சொன்னவர். எதையும் ஒருவர் வீட்டு வாசலில் போய்ப் படித்ததில்லை. ஆனாலும் பஸ் ஏறினார்.

கூடலூருக்கு மேலே, சிறு தேயிலை விவசாயிகள் சிலர் சேர்ந்து ஒரு கணினி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் புஷ்பராணி. கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் நின்று கேட்டார். மாசிலாமணி வரிவரியாகப் படித்தார். படிக்கப் படிக்கத் தன் குரல் தாழ்வது அவருக்கே தெரிந்தது.

"நீங்க சொல்றது நெசந்தான் சார்," என்றார் புஷ்பராணி. "மரம் விழுந்தா கரண்ட் போயிடுது. மெஷின் நின்னுடுது. எங்களால கடைக்காரங்களுக்குக் கஷ்டந்தான்."

தலைத்துணியை அவிழ்த்து மடித்தார்.

"எங்களை எடுத்துட்டா எங்க ஓட்டும் போயிடுமா?"

"ஆமாம்மா."

"அப்போ, நாளைக்கு எங்களைத் திரும்பச் சேர்த்துக்கணும்னு நாங்க கேட்டா, எங்களுக்காக யாரு சார் ஓட்டுப் போடுவாங்க?"

மாசிலாமணி கையிலிருந்த தாளைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அதன் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

புஷ்பராணி டீ போட்டுக் கொடுத்தார். மாசிலாமணி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கோயம்புத்தூர் வந்து சேர்ந்ததும் நேரே டீச்சரிடம் போனார்.

"எதிர்த்துப் போடணும், டீச்சர்."

"போடுங்க."

"கடைக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு."

"அதையும் எழுதிட்டுப் போடுங்க."

போட்டார். தீர்மானம் தோற்றது. கடைக்காரர் சங்கத் தலைவர் போனில் கத்தினார். "அடுத்த மழைக்கு நாங்க என்ன பண்றது? நீங்க வந்து எங்க கல்லாவுல உக்காருவீங்களா?"

மாசிலாமணி போனை வைக்கவில்லை. அவர் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "மழைக்கு முன்னாடி வேற வழி யோசிச்சுட்டு உங்க கடைக்கே வரேன்," என்றார்.

பிறகு டீச்சருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும். இந்தத் தீர்மானம் தப்புன்னு உங்களுக்கு ஆரம்பத்துலயே தெரியுமா?"

"இல்லையே. சரின்னுதான் நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன்."

மாசிலாமணி திகைத்தார். "அப்புறம் ஏன் என்னை எதிர்த்துப் போட விட்டீங்க?"

"கூடலூருக்குப் போனது நீங்க," என்றார் டீச்சர். "நான் இங்கயேதானே உக்காந்திருந்தேன்."