பித்தளை வளையம் பூண்ட ஈட்டி

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, மிண்டனாவோ தீவின் மலைகளில் எல்லா ஈட்டிகளும் ஒரே மாதிரி இருந்தன. மொட்டைக் கம்பு, முனையில் இலை போல ஓர் இரும்பு. எது யாருடையது என்று செய்தவனுக்கே தெரியாது.

ஆற்றின் முகத்துவாரத்தை ஆண்ட தலைவன் பந்திலானுக்கு அது வசதியாகப் போயிற்று. தன் எருமையைத் தன் ஆளை விட்டே குத்திக் கொல்லச் செய்வான். பிறகு படகேறி மலையூருக்கு வந்து, உங்கள் ஈட்டிதான் பாய்ந்திருக்கிறது என்று சொல்லி, ஈடாக இரண்டு பேரை அடிமையாகப் பிடித்துப்போவான். இல்லையென்று சாதிக்க மலைக்காரர்களிடம் ஓர் அடையாளமும் இல்லை. இரண்டாம் முறை அவன் கொண்டுபோனவர்களில் சலுமாய் என்ற மலையூர்ப் பெண்ணின் கணவனும் ஒருவன்.

சலுமாய் அழுது ஓய்ந்தபின் காட்டுக்குள் போனாள். அத்திமரத்தில் பழம் தின்றுகொண்டிருந்த இருவாட்சிப் பறவையிடம், எருமையைக் கொன்றது யாரென்று கேட்டாள். பந்திலானின் ஆளேதான், கண்ணால் பார்த்தேன் என்றது அது. சாட்சி சொல்ல வருவாயா என்றாள். பறவையின் பேச்சை அவன் மதிக்கமாட்டான் என்றது.

"என் அலகின்மேல் கொம்பு இருக்கிறது. காகம் செய்த குற்றத்தை யாரும் என் தலையில் கட்ட முடியாது. உங்கள் ஈட்டிக்கு என்ன இருக்கிறது?"

வீடு திரும்பியவள் கல்யாணத்தன்று பூட்டிய பித்தளைத் தண்டைகளைக் கழற்றி நெருப்பிலிட்டாள். பட்டையாக அடித்து, தன் ஈட்டிக்கம்பில் மூன்று வளையம் இறுக்கினாள். மற்றப் பெண்களும் தங்கள் தண்டைகளைக் கொண்டுவந்தார்கள். ஆண்களில் சிலர் முணுமுணுத்தார்கள். நாளைக்கு நாமே எறிந்தாலும் மறுக்க முடியாதே என்று அவர்களுக்குக் கவலை.

"மறுக்க வேண்டாம். எறிந்தால், எறிந்தோம் என்று சொல்வோம்" என்றாள் சலுமாய்.

மூன்றாம் முறை பந்திலான் ரத்தம் காயாத ஈட்டியோடு படகில் வந்தான். ஆற்றங்கரை நெடுக ஊரின் ஈட்டிகள் நடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று வளையம். அவன் கையில் இருந்தது மொட்டை. துடுப்புப் போட்டவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வளையங்களைக் கழற்றுங்கள். இல்லையென்றால் என்னிடம் இருக்கும் நால்வரை உயிரோடு பார்க்க மாட்டீர்கள்" என்றான் பந்திலான்.

சலுமாய் தன் ஈட்டியைப் பிடுங்கி எறிந்தாள். அது அவன் இரண்டு கால்களுக்கும் நடுவே படகின் அடிப்பலகையைத் துளைத்து நின்றது. தண்ணீர் குமிழியிட்டு ஏறியது.

"அது என்னுடையது. ஊர் ஊராக விசாரித்து அலையாதே. நாளை உச்சிக்குள் நால்வரும் வராவிட்டால் மற்றவையும் இப்படியே வரும், எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு."

அவளுக்குப் பின்னால் ஊரே ஈட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு நின்றது. பந்திலான் கையால் தண்ணீர் இறைத்தபடி திரும்பிப் போனான். மறுநாள் உச்சிக்கு முன்பே நால்வரும் மலைப்பாதையில் நடந்து வந்தார்கள்.

செய்தி பரவியது. ஓர் ஊர் கம்பில் நெளிகோடுகள் செதுக்கியது. இன்னோர் ஊர் ஆட்டுமயிர் கட்டியது. வேறோர் ஊர் இரும்பையே பாம்புபோல வளைத்தது. அந்த நாளிலிருந்துதான் அத்தீவில் ஈட்டியைப் பார்த்ததுமே அது எந்த ஊர்க்காரருடையது என்று சொல்லிவிட முடிகிறது; எறிந்தவர் எவரும் நானில்லை என்று சொல்வதுமில்லை.