சாவடிக்குப் பாலாலயம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அந்தக் காலத்திலும் கல் சுமந்தவனுக்கு முதுகு வலித்தது, சுமக்கச் சொன்னவனுக்கு வலிக்கவில்லை. அதனால் அது எந்த நாடு, எந்த ராஜா என்று பேர் தேட வேண்டியதில்லை.

அந்த நாட்டு ராஜா பக்கத்து தேசத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது நன்றாகத்தான் போனார். வரும்போது முகம் தொங்கிப் போயிருந்தது. அந்தத் தேசத்து ராஜாவுக்கு ஏழு நிலை மாளிகை இருந்ததாம். ஏழாவது நிலைக்கு நம் ராஜாவைக் கூட்டிப் போய், "அதோ தரையோடு தரையாகக் கிடக்கிறதே, அதுதானே உங்கள் தலைநகரம்?" என்று கேட்டுவிட்டாராம். நம் ராஜா விருந்துச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். ஊர் திரும்பிய மறுநாளே, "எனக்கும் ஏழு நிலை வேண்டும். கோட்டைக் கிழக்கு வாசலில் வேண்டும். அவன் மாளிகை உச்சி என் காலுக்குக் கீழே தெரிய வேண்டும்" என்று சொல்லிவிட்டார்.

கிழக்கு வாசலில் ஏற்கெனவே ஒரு கட்டடம் இருந்தது. கூலிச்சாவடி என்று பேர். ராஜாவின் கொள்ளுப்பாட்டனார் கோட்டை கட்டிய காலத்தில், கல் சுமக்க வந்தவர்கள் படுக்கவும் சமைக்கவும் கட்டிக் கொடுத்தது. அறுபது கல்தூண், மேலே நீள நீளமாகப் பலகைக்கல் பாவிய கூரை. சிற்பம் கிடையாது, சித்திர வேலை கிடையாது. ஆனால் எந்த மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகாது. கோட்டை முடிந்த பிறகும் அந்த ஜனங்கள் போகவில்லை. போவதற்கு ஊர் எது என்று அதற்குள் மறந்துவிட்டது. நாற்பது குடும்பம் அங்கேயே பிறந்து, அங்கேயே செத்துக்கொண்டிருந்தது. விடிந்தால், வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் சாவடி வாசலில் வந்து நின்றுதான் கூப்பிடுவார்கள்.

அரசவை விகடன் இருளப்பன் அந்தச் சாவடியில் பிறந்தவன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மதில் வேலையில் சுண்ணாம்பு அரைத்துக்கொண்டிருந்தான். வேலை பார்க்க வந்த ராஜா ஒரு கல்லைக் காட்டி, "இது எவ்வளவு கனம் இருக்கும்?" என்று கேட்டார்.

"சுமக்காதவருக்குக் கனமே இல்லை, மகாராஜா" என்றான் இருளப்பன்.

சுற்றி நின்றவர்கள் இவன் தலை போயிற்று என்று நினைத்தார்கள். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே அவனை அரண்மனைக்குக் கூட்டிப் போய்விட்டார். சுண்ணாம்பு அரைப்பதைவிட ராஜாவைச் சிரிக்க வைப்பது லேசு என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். இரண்டையும் செய்து பார்த்த அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுடைய அக்காள் மாடத்தி இன்னும் சாவடியில்தான் இருந்தாள். மத்தியானக் கஞ்சிக்கு அவன் அங்கேதான் போவான்.

ஏழு நிலைச் சேதி வந்த அன்று சாவடி இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

"ஏழு நிலைன்னா சும்மாவா? பன்னெண்டு வருஷத்துக்கு வேலை" என்றான் சங்கிலி. இளவட்டக் கொத்தன். பெண்டாட்டி மாசமாக இருந்தாள். "போன கோடையில எத்தனை நாள் இந்த வாசல்ல குந்தியிருந்து, ஆளு கூப்பிடாம எந்திரிச்சுப் போனோம்? இந்தப் பழைய கல்லைக் கட்டிக்கிட்டு அழவா?"

"வேலை முடிஞ்சு வந்து எங்கடா படுப்ப?" என்றாள் மாடத்தி. "மழைக்குப் பத்து நாள்தான் கெடக்கு. ஒம் பொண்டாட்டி புள்ளையப் பெத்து ஏழாம் நிலையில போட்டு ஆட்டுவாளா?"

"எங்கியாவது ஒண்டிக்கலாம்."

"எங்கியாவதுன்னா எந்தத் தெருன்னு சொல்லு. நாளைக்கே பாத்துட்டு வரேன்."

சங்கிலி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். இருளப்பனும் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து போனான். இரண்டு பேர் சொல்வதும் அவனுக்கு நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவனை அறுத்தது.

ராஜா, யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று தண்டோரா போட்டுச் சபையைக் கூட்டினார். பிரதானி வரதராயர் ஒரு பெரிய சீலையை விரித்துக் காட்டினார். ஏழு நிலை மாளிகை வண்ணம் வண்ணமாக எழுதியிருந்தது. பூஞ்சோலை இருந்தது, மயில் இருந்தது. மனுஷர் யாரும் இல்லை. வியாபாரிகள் எழுந்து, ஊருக்கு மதிப்பு கூடும் என்றார்கள். புலவர்கள் எழுந்து, முன்னோர் கட்டிய கல்லை இடித்தால் வம்சத்தின் கீர்த்திக்குக் குறை என்றார்கள். காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை பழைய கல்லா புதிய கல்லா என்று பேச்சு போயிற்று. கல்லுக்குக் கீழே படுத்திருக்கிறவர்களைப் பற்றி இரண்டு கட்சியும் வாய் திறக்கவில்லை. வாசல் ஓரமாக மாடத்தி நின்றிருந்தாள். அவளைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

கடைசியில் ஒரு குருக்கள் எழுந்தார். "சாவடியின் மூலையில் ஒரு பிள்ளையார் இருக்கிறார், மகாராஜா. அவரை என்ன செய்வது?"

இதை யாரும் யோசிக்கவில்லை.

கோயிலில் திருப்பணி நடந்தால் சாமியைத் தூசியிலும் வெயிலிலும் விட மாட்டார்கள். சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கி, வேறு ஒரு சின்ன இடத்தில் எழுந்தருளச் செய்து, விளக்கு, நைவேத்தியம் எதையும் விடாமல், புது வேலை முடிகிற வரைக்கும் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பாலாலயம் என்று பேர். ராஜாவுக்கு அது ஞாபகம் வந்தது. ஒரு சாமிகூட விட்டுப் போகக் கூடாது என்று உடனே கம்பீரமாகச் சொன்னார்:

"பாலாலயம் செய்வோம். அந்தச் சாவடியில் குடியிருக்கும் எல்லோரையும் முறைப்படி எழுந்தருளச் செய்யுங்கள். அங்கே தினமும் என்ன நடந்ததோ அது ஒரு வேளையும் தவறக் கூடாது. புது மாளிகை முடியும் வரை என் அரண்மனையே அதற்கு இடம். பொறுப்பு என்னுடையது. இதை ஓலையில் எழுதி முத்திரை இடுங்கள்."

எல்லோரும் கைகூப்பினார்கள். இருளப்பனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் காதில் விழுந்ததை மறக்க மாட்டான்.

வரதராயருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. சுண்ணாம்பு நாற்றம் போகாத ஒருவன் ராஜாவின் பக்கத்தில் உட்காருவது பதினைந்து வருஷமாக அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அவர் பணிவாக எழுந்தார்.

"மகாராஜா, சாவடியை இருளப்பனைப் போல் அறிந்தவர் எவருமில்லை. இடித்து இடத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பை அவரிடமே அளிக்கலாம்."

மறுத்தால் ஆணையை மீறியவன். செய்தால் சொந்த ஜனம் முகத்தில் விழிக்காது. ராஜா அதெல்லாம் யோசிக்கவில்லை. "நல்லது. ஐந்தாம் நாள் இடம் காலியாக வேண்டும், இருளப்பா. இல்லையேல் உன் தலை உன்னுடையதல்ல" என்றார்.

"உத்தரவு, மகாராஜா" என்றான் இருளப்பன்.

அவன் சாவடிக்குப் போய்ச் சேருவதற்குள் வரதராயரின் ஆட்கள் முந்திக்கொண்டார்கள். நல்ல நேரத்தில் தொடங்கி வைக்கிறோம் என்று மேற்கு மூலையில் கடப்பாரை போட்டு நெம்பி மூன்று பலகைக்கல்லைத் தள்ளிவிட்டார்கள். மூன்றும் விழுந்து துண்டு துண்டாகப் போயிற்று. மூன்று தலைமுறையாக வெயில் பார்க்காத தரையில் வெயில் விழுந்து கிடந்தது. ஜனங்கள் அதைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, இடிக்க வந்தவரே" என்றான் சங்கிலி. இடிக்க வேண்டும் என்று முந்தாநாள் பேசியவன்தான். கல் விழுந்த சத்தத்தில் அவன் பெண்டாட்டி மயங்கி விழுந்திருந்தாள். "கடப்பாரை வேணுமா, கையாலயே தள்ளிருவீங்களா?"

மாடத்தி தம்பியின் முகத்தைப் பார்க்காமல் கஞ்சியை வைத்தாள்.

"பிள்ளையாருக்கு வேற எடம் பாத்தாச்சு. ஒரு வேளை கொறையாமப் பாத்துக்குவாங்களாம்" என்றாள். "அவரு கல்லு. நாம சதையாப் பொறந்தது தப்பாப் போச்சு."

வாய்க்குக் கொண்டுபோன கஞ்சியை இருளப்பன் கீழே வைத்தான்.

"அக்கா, நம்ம சாவடியில எத்தனை பானை இருக்கும்?"

"கிண்டல் பண்ணிப் பிழைக்கிறவன் எங்கிட்டயும் ஆரம்பிச்சுட்டியா?"

"கிண்டல் இல்லக்கா. வீட்டுக்கு ஒரு பானை. கழுவி, நெறய தண்ணி எடுத்து வைக்கச் சொல்லு."

ஐந்தாம் நாள் காலையில் நாயனமும் தவிலும் முன்னால் போக, கிழக்கு வாசலிலிருந்து ஒரு ஊர்வலம் கிளம்பியது. முதலில் பிள்ளையார். அவருக்குப் பின்னால் நாற்பது பெண்கள், தலையில் நாற்பது தண்ணீர்ப் பானை, ஒவ்வொரு பானை வாயிலும் மாவிலை. அதற்குப் பின்னால் கிழவர்கள், குழந்தைகள், அம்மிக்கல், சுண்ணாம்புக் கூடை, பொதி கழுதைகள். கோட்டைக் காவலர்கள் சாமி ஊர்வலம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்கள்.

ராஜா பூஜை முடித்துச் சபைக்கு வந்தபோது சபை அங்கே இல்லை. மூன்று கல் கூட்டி நான்கு இடத்தில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. சித்திரத் தூண்களில் தூளி ஆடியது. முற்றத்துத் தாமரைக் குளத்தில் ஒருவன் சுண்ணாம்பைக் கொட்டி நீற்றிக்கொண்டிருந்தான், குளம் கொதித்து வெள்ளைப் புகை கிளம்பியது. சிங்காசனத்துக்குப் பக்கத்தில் ஒரு கழுதை நின்று சாமரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

"இருளப்பா, இது என்ன?" என்றார் ராஜா.

"பாலாலயம், மகாராஜா. இடம் காலி செய்தாகிவிட்டது."

வரதராயர் சீறினார். "பிள்ளையாரை எழுந்தருளச் செய்யச் சொன்னால் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறீர். தெய்வமும் இவர்களும் ஒன்றா?"

"அடியேன் படிக்காதவன், பிரபு. ஓலையைத் தாங்களே படித்துவிடுங்கள்."

வரதராயர் கை காட்ட, அரண்மனைக் கணக்கர் ஓலையைப் படித்தார். சாவடியில் குடியிருக்கும் எல்லோரையும், என்று இருந்தது. தினமும் நடந்தது ஒரு வேளையும் தவறாமல், என்று இருந்தது. மகாராஜாவின் அரண்மனையே இடம், என்று இருந்தது. முத்திரை பளபளவென்று இருந்தது.

"பிள்ளையார் மூலையில் இருக்கிறவர், மகாராஜா. மீதி இடமெல்லாம் குடியிருந்தது இவர்கள்தான். தினமும் அங்கே உலை கொதிக்கும், பிள்ளை அழும், சுண்ணாம்பு நீற்றுவோம். ஒன்று விட்டாலும் மகாராஜாவின் வாக்குக்குக் குறை வந்துவிடும் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்தேன். கழுதையைக்கூட விடவில்லை."

ராஜா புகையில் இருமினார். "இது எத்தனை நாளைக்கு?"

"மாளிகை முடிகிற வரைக்கும். எத்தனை வருஷம் என்று பிரதானியார்தான் சொல்ல வேண்டும்."

வரதராயர் அங்கவஸ்திரத்தை இழுத்துச் சரிசெய்தார். "பன்னிரண்டு வருஷம்" என்றான் ஓரத்திலிருந்து சங்கிலி.

ராஜா பிரதானியைத் திரும்பிப் பார்த்தார். "ஓலையில் அரண்மனை என்றுதான் இருக்கிறது. ஆனால் உமது மாளிகையும் நான் கொடுத்ததுதானே? அங்கே பத்து அறை சும்மா கிடக்கிறது என்று கேள்வி."

கழுதை சாமரத்தை விட்டுவிட்டு வரதராயரின் அங்கவஸ்திரத்தின் பக்கம் மூக்கை நீட்டியது.

"மகாராஜா," என்றார் வரதராயர் மெதுவாக, "யோசித்துப் பார்த்தால் அந்தச் சாவடி இன்னும் நூறு வருஷம் நிற்கும். உறுதியான கட்டடம். முன்னோர் கட்டியதை நாம் ஏன் இடிக்க வேண்டும்?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜா சிரித்தார், சபை சிரித்தது, காவலர்கள் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் தூளியில் கிடந்த குழந்தைகளும் சிரித்தன. "சாவடி நிற்கட்டும். ஏழு நிலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவன் என்னை மேலிருந்து பார்த்துவிட்டுப் போகட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு என்ன வேண்டும், இருளப்பா? கேள்."

"மூன்று பலகைக்கல், மகாராஜா. மேற்கு மூலைக்கு. மழை வருவதற்குள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பொன் கேட்பான், ஊர் கேட்பான் என்று பார்த்தால் கல் கேட்கிறான் பாருங்கள்" என்று மறுபடியும் சிரித்தார். சபையும் மறுபடியும் சிரித்தது. இருளப்பன் நிஜமாகத்தான் கேட்டான். விகடன் கேட்டதால் அதுவும் விகடமாகத்தான் அவர்கள் காதில் விழுந்தது. ராஜா தன் தோளில் இருந்த ஜரிகைப் பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜனங்கள் பானைகளைத் தூக்கிக்கொண்டு சாவடிக்குத் திரும்பினார்கள். நாயனம் இல்லை.

ஐந்தாறு நாளில் மழை பிடித்துக்கொண்டது. மேற்கு மூலையில் இருந்த ஏழு குடும்பம் மற்றவர்களோடு நெருக்கிப் படுத்தது. சங்கிலி கொத்துக்கரணையையும் தூக்குக்குண்டையும் கோணியில் சுற்றி வைத்திருந்தான். பக்கத்து தேசத்தில் எட்டாவது நிலை எழுப்புகிறார்களாம், கொத்தன் வேண்டுமாம்.

"கூரையைக் காப்பாத்திட்டீங்க, அண்ணே" என்றான். "வேலையும் போச்சு. ஒங்களைக் குத்தம் சொல்லல. பொறப்படுறேன்."

"பொண்டாட்டி?"

"இங்க இருக்கட்டும். இந்தப் பக்கம் ஒழுகல."

அவன் மழையில் இறங்கிப் போவதை இருளப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, ராஜா கொடுத்த பட்டுச் சால்வையை விரித்து, மேற்கு மூலையின் பொத்தலுக்குக் கீழே தூணுக்குத் தூண் கட்டினான். கொஞ்ச நேரம் தண்ணீர் அதில் தேங்கி நின்றது. பிறகு ஜரிகை வழியாகச் சொட்டச் சொட்ட இறங்கியது.

"பட்டு மழைக்கு ஆவாது, தம்பி. அவுத்துரு" என்றாள் மாடத்தி. "ராசாதான் சிரிச்சுட்டாருல்ல, இனிமே இடிக்க மாட்டாங்க இல்ல?"

"சிரிச்சாருக்கா."

அவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். அந்தச் சிரிப்பு இருக்கிற வரைக்கும் இந்தக் கூரை இருக்கும். அது எத்தனை நாள் தாங்கும் என்று அவனுக்குத் தெரியும். மழை கல்லின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. நாளைக்குச் சபையில் என்ன சொல்லலாம் என்று அவன் யோசிக்கத் தொடங்கினான்.